எதிர்ப்பொருளோடு சிறு மூலக்கூறை இணைத்தல்: டிராஸ்டுசுமாபை பெட் ஸ்கேனுக்குத் தயார்செய்யும் முறை

ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருளோடு செயற்கை மூலக்கூறுகளை இணைக்கக் கற்றுக்கொள்ள ஆய்வகத்துக்கு வரும் மாணவர்கள், ஓர் எதிர்ப்பொருளின் மீது எத்தனை மூலக்கூறுகளை ஏற்ற முடியும் என்றுதான் பெரும்பாலும் முதலில் கேட்கிறார்கள். ஏற்றிய பிறகும் அந்த எதிர்ப்பொருள் தன் இலக்கைப் பிடிக்கிறதா என்று எப்படிக் கண்டறிவாய் என நான் அவர்களைத் திருப்பிக் கேட்பேன். ஒட்டவைப்பது கடினமான வேலை அல்ல. எதிர்ப்பொருளுக்குச் சேதம் வராமல் ஒட்டவைப்பதும், சேதம் வரவில்லை என்று எண்களால் காட்டுவதுமே இந்த வேலையின் பெரும்பகுதி. அதனால் இந்த வழிகாட்டியில் வினைக்கு ஒதுக்கிய இடத்தைவிட, வினைக்கு முந்திய தயாரிப்புக்கும் பிந்திய சோதனைகளுக்கும் அதிக இடம் தந்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக, பலரும் செய்து பார்த்து உறுதிப்படுத்திய ஓர் இணைப்பைத் தேர்ந்துகொள்கிறேன். மார்பகப் புற்றுநோயின் ஒரு வகையில் புற்றணுக்களின் மேற்பரப்பில் மிகுந்து காணப்படும் ஹெர்-2 என்ற புரதத்தைப் பற்றும் டிராஸ்டுசுமாப் என்ற எதிர்ப்பொருளுடன், டெஃபெராக்சமைன் என்ற கொடுக்கிணைப்பானை (உலோக அயனியைக் கவ்விப்பிடிக்கும் மூலக்கூறை) இணைத்து, அதில் சிர்கோனியம்-89 என்ற கதிரியக்க உலோகத்தை அமர்த்துவதே அது. உடலில் ஹெர்-2 எங்கெங்கே இருக்கிறது என்பதை இவ்வாறு, கதிரியக்கம் உடலில் எங்கே சேர்கிறது என்று படமெடுக்கும் பெட் ஸ்கேனில் காண முடியும். மருந்தைச் சுமக்கும் இணைப்புகளில் எவை மாறுகின்றன என்பதை இறுதியில் சொல்கிறேன்.

ஏன் இந்த மூன்றும்

ஒரு முழு எதிர்ப்பொருளின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 1,50,000 டால்டன். இவ்வளவு பெரிய புரதம் இரத்தத்தில் நாள்கணக்கில் சுற்றிவந்து, மெல்ல மெல்லத்தான் கட்டிக்குள் சேர்கிறது. 110 நிமிட அரை ஆயுளுடைய ஃப்ளூரின்-18ஐ அதில் ஏற்றினால், எதிர்ப்பொருள் கட்டியைச் சென்றடைவதற்குள் கதிரியக்கம் அற்றுப்போயிருக்கும். சிர்கோனியம்-89இன் அரை ஆயுள் 78.4 மணி நேரம் என்பதால், எதிர்ப்பொருளின் மெதுவான பயணத்துக்கு அது ஈடுகொடுக்கிறது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட முதல் மனித ஆய்வில், ஊசி போட்ட நான்காம் ஐந்தாம் நாள்களில்தான் படங்கள் மிகத் தெளிவாக இருந்தன.

சிர்கோனியத்தைப் பிடித்துவைக்கும் டெஃபெராக்சமைன், உடலில் இரும்பு மிகுந்துபோகும் தலசீமியா நோயாளிகளுக்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கப்பட்டுவரும் மருந்து. மண்ணில் வாழும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியம் இரும்பைக் கவர்வதற்காகச் சுரப்பது. அதன் ஒரு முனையில் ஐசோதயோசயனேட்டு என்ற வினைத்தொகுதியை வேதியியலாளர்கள் பொருத்தியதால், அது புரதத்தோடு ஒட்டக்கூடிய கருவியாயிற்று. இந்த வடிவம் விற்பனைக்குக் கிடைக்கிறது. அதன் மூலக்கூறு எடை 753. இரும்பின் மீது அதற்குள்ள நாட்டம் மிக வலுவானது என்பதை இப்போதே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நீரிலோ, பி.எச். மாறாமல் காக்கும் தாங்கல் கரைசலிலோ, உலோகக் கரண்டியிலோ இருந்து நுண்ணளவு இரும்பு சேர்ந்துவிட்டால், சிர்கோனியம் அமர வேண்டிய இடத்தில் இரும்பு அமர்ந்துவிடும். ஆகவே எல்லாக் கரைசல்களையும் உலோகம் நீக்கும் பிசினின் வழியே செலுத்தி, நெகிழிக் கரண்டியையும் நெகிழிக் குழாய்களையும் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

வினைக்கு முன்: தாங்கல் கரைசலை மாற்றுதல்

ஐசோதயோசயனேட்டு, புரதத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் பக்கச்சங்கிலி முனையிலிருக்கும் அமீன் தொகுதியோடு வினைபுரிந்து, தயோயூரியா பிணைப்பை உண்டாக்குகிறது. அமீன் எங்கிருந்தாலும் அதற்கு ஒன்றுதான். புரதத்தில் இருக்கிறதா, கரைசலில் மிதக்கிறதா என்று அது வேறுபாடு பார்ப்பதில்லை. மருந்தகத்திலிருந்து வரும் டிராஸ்டுசுமாப் குப்பியில் எதிர்ப்பொருளுடன் ஹிஸ்டிடின், டிரெஹலோஸ், பாலிசார்பேட்டு-20 ஆகியவையும் கலந்திருக்கும். இவற்றில் டிரெஹலோஸ் ஒரு சர்க்கரை. பாலிசார்பேட்டிலும் அமீன் இல்லை. ஹிஸ்டிடின் ஓர் அமினோ அமிலம் என்பதால் அதில் தடையற்ற அமீன் இருக்கிறது. எதிர்ப்பொருளோடு ஒப்பிட்டால் அதன் மோல் அளவும் பல மடங்கு அதிகம். என் முதல் முயற்சியில் இதைப் பொருட்படுத்தாமல் குப்பியிலிருந்து நேராக எடுத்து வினையைச் செய்தேன். ஒரு நாள் முழுதும் உழைத்த பிறகு கையில் மிஞ்சியது, ஏறத்தாழ எதுவுமே ஒட்டாத எதிர்ப்பொருள்தான். அன்றிலிருந்து கரைசல் மாற்றத்தை நான் அவசரப்பட்டுச் செய்ததே இல்லை.

டிரிஸ், கிளைசின், அம்மோனியம் உப்புகள் ஆகியவையும் இதே காரணத்தால் ஆகாதவை. பாதுகாப்புக்காகச் சில எதிர்ப்பொருள்களில் சேர்க்கப்படும் சோடியம் அசைடும் வினையைக் கெடுக்கும். அதையும் நீக்கிவிட வேண்டும். கரைசலை மாற்றுவதற்கு 30,000 டால்டன் அளவுள்ள மையவிலக்கு வடிகட்டியைப் பயன்படுத்தி, 0.1 மோலார் சோடியம் பைகார்பனேட்டுக் கரைசலில் குறைந்தது நான்கு முறை கழுவுங்கள். ஒவ்வொரு முறையும் பத்து மடங்கு நீர்த்தால், நான்காம் முறைக்குப் பின் பழைய கரைசல் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். பின்னர் 280 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி உட்கவர்தலை அளந்து, அதை ஏறத்தாழ 1.4 என்ற எண்ணால் வகுத்தால் ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் எதிர்ப்பொருள் இருக்கிறது என்பது கிடைக்கும். கழுவும்போது சிறிது புரதம் வடிகட்டியில் ஒட்டிக்கொண்டு இழப்பாகும் என்பதால், குப்பியின் மேலுள்ள அளவை நம்பிக் கணக்கிடாமல், கழுவிய பின் அளந்த மதிப்பையே கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கும் வினையும்

ஒரு மில்லிலிட்டரில் 5 மில்லிகிராம் எதிர்ப்பொருள் இருப்பதாகக் கொள்வோம். அதை 1,50,000ஆல் வகுத்தால் ஏறத்தாழ 33 நானோமோல். கொடுக்கிணைப்பானை மூன்று மடங்கு சேர்க்க வேண்டுமானால் 100 நானோமோல், அதாவது 75 மைக்ரோகிராம் தேவை. இவ்வளவு சிறிய அளவை நேரடியாக எடைபோட முடியாது. ஆகவே டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பானில் 5 மில்லிமோலார் செறிவுள்ள கரைசலைத் தயாரித்துக்கொண்டு, அதிலிருந்து 20 மைக்ரோலிட்டர் எடுத்தால் சரியாக 100 நானோமோல் கிடைக்கும். இந்தக் கரைசலை அன்றன்றே தயாரிக்க வேண்டும். ஐசோதயோசயனேட்டு ஈரத்தில் மெல்லச் சிதைவதால், பொடிக்குப்பியை உறைபெட்டியிலிருந்து எடுத்து அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே திறக்க வேண்டும்.

எதிர்ப்பொருள் கரைசலின் பி.எச். மதிப்பை, 0.1 மோலார் சோடியம் கார்பனேட்டைத் துளித்துளியாகச் சேர்த்து 8.9க்கும் 9.1க்கும் இடையே கொண்டுவாருங்கள். லைசினின் அமீன் நடுநிலைக் கரைசலில் புரோட்டானைப் பிடித்துக்கொண்டு நேர்மின்னூட்டத்தோடு இருக்கிறது. அந்த நிலையில் அதனால் வினைபுரிய இயலாது. பி.எச். 9ஐ நெருங்கும்போதுதான் போதிய அளவு அமீன்கள் புரோட்டானை விடுவிக்கின்றன. 8.5க்குக் கீழே வினை மந்தமாகிவிடும்; 9.5ஐத் தாண்டினால் எதிர்ப்பொருளின் கட்டமைப்புக்கே ஊறு நேரலாம்.

அந்த 20 மைக்ரோலிட்டரை ஒரே முறையில் ஊற்றாமல், ஐந்து ஐந்து மைக்ரோலிட்டராக நான்கு தடவை, கரைசலை மெதுவாக அசைத்துக்கொண்டே சேருங்கள். கரைப்பான் ஒரே இடத்தில் குவிந்தால் அங்குள்ள புரதம் திரிந்து வெண்மையாகக் கலங்கும். கலங்கிய புரதம் மீண்டும் கரையாது. கரைப்பானின் மொத்த அளவு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே போட்ட கணக்கு அந்த வரம்பை ஒட்டியே அமைந்திருக்கிறது. பிறகு 37 பாகை செல்சியஸில் 30 நிமிடம், சீரான அசைவோடு வைத்திருந்தால் வினை முடிந்துவிடும். சுழல் கலக்கியில் வைத்துக் குலுக்குவது கூடாது. நுரை எழும் இடத்தில் எதிர்ப்பொருள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன.

மூன்று மடங்கு சேர்த்தால் சராசரியாக ஓர் எதிர்ப்பொருளில் ஒன்றரைக் கொடுக்கிணைப்பான்கள் ஒட்டும் என்று எதிர்பார்க்கலாம். இந்தச் சராசரிக்குப் பின்னால் இருப்பதையும் அறிந்துகொள்வது நல்லது. எதிர்ப்பொருளில் எண்பதுக்கும் மேற்பட்ட லைசின்கள் இருக்கின்றன. எது மாட்டும் என்பது பெரும்பாலும் தற்செயலே. தற்செயல் நிகழ்வுகளின் எண்ணிக்கையைக் கணிக்கும் பாய்சான் பரவலின்படி கணக்கிட்டால், சராசரி 1.5 ஆக இருக்கும்போது ஏறத்தாழ 22 விழுக்காடு எதிர்ப்பொருள்களில் எதுவுமே ஒட்டியிருக்காது. 33 விழுக்காட்டில் ஒன்று, 25 விழுக்காட்டில் இரண்டு, மீதியில் மூன்றும் அதற்கு மேலும் ஒட்டியிருக்கும். எதுவும் ஒட்டாதவை வீணாகின்றனவே என்று நினைத்து மடங்கைப் பத்தாக உயர்த்த மனம் தூண்டும். அப்படி உயர்த்தினால், இலக்கைப் பற்றும் பகுதியில் உள்ள லைசின்களும் மூடப்படுவதற்கான வாய்ப்பு கூடும். அத்துடன் அளவுக்கு மீறி மாற்றப்பட்ட எதிர்ப்பொருளைக் கல்லீரல் விரைவாக இரத்தத்திலிருந்து அகற்றிவிடும். ஒட்டாத எதிர்ப்பொருளால் கெடுதல் சிறிது. கெட்டுப்போன எதிர்ப்பொருள் கதிரியக்கத்தைச் சுமந்துகொண்டு தவறான உறுப்பில் போய்த் தங்குகிறது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையிலான சராசரியே படமெடுப்பதற்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

தூய்மைப்படுத்துதலும் சோதனையும்

ஒட்டாமல் எஞ்சிய கொடுக்கிணைப்பானை அகற்றாவிட்டால், பிறகு சேர்க்கும் சிர்கோனியத்தில் ஒரு பகுதியை அது கவர்ந்துகொள்ளும். பி.டி-10 என்ற ஜெல் வடிகட்டிப் பத்தி இதற்குப் போதும். 0.25 மோலார் சோடியம் அசிட்டேட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் ஜென்டிசிக் அமிலம் கலந்த கரைசலை 20 மில்லிலிட்டர் ஓடவிட்டுப் பத்தியைத் தயார்செய்து, ஒரு மில்லிலிட்டர் வினைக்கலவையை மேலே விடுங்கள். அது இறங்கியதும் 1.5 மில்லிலிட்டர் கரைசலை ஊற்றி, இதுவரை வெளிவந்ததைக் கொட்டிவிடுங்கள். அடுத்து ஊற்றும் 2 மில்லிலிட்டரோடு வெளிவருவதே உங்கள் இணைப்புப் பொருள். சிறு மூலக்கூறுகள் ஜெல்லின் துளைகளுக்குள் புகுந்து தாமதமாகின்றன; பெரிய எதிர்ப்பொருள் துளைகளுக்குள் நுழைய முடியாமல் முந்திக்கொள்கிறது.

ஜென்டிசிக் அமிலம் ஏன், வெறும் உப்புநீர் போதாதா என்ற ஐயம் எழலாம். கதிர்வீச்சு நீரைச் சிதைக்கும்போது, கரைசலில் குளோரைடு இருந்தால் ஹைப்போகுளோரைட்டு உண்டாகிறது. அது தயோயூரியா பிணைப்பிலுள்ள கந்தகத்தைத் தாக்கி, கஷ்டப்பட்டு ஒட்டவைத்ததைக் கழற்றிவிடும். ஜென்டிசிக் அமிலம் கதிர்வீச்சால் உண்டாகும் ஆக்சிஜனேற்றிகளைத் தானே ஏற்றுக்கொண்டு பிணைப்பைக் காக்கிறது. இந்த ஒரு செய்தியை அறியாமல் இறுதிக் கரைசலாகச் சாதாரண உப்புநீரைத் தேர்ந்தவர்கள், காலையில் தூய்மையாக இருந்த பொருள் மறுநாள் ஏன் கெட்டது என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது, கதிரியக்கத்தைத் தொடுவதற்கு முன்பே, மூன்று சோதனைகளைச் செய்தாக வேண்டும். எத்தனை ஒட்டின என்பதை, மூலக்கூறின் எடையை அளக்கும் நிறைநிறமாலைமானியில் பாருங்கள்: ஒவ்வொரு கொடுக்கிணைப்பானும் எடையில் 753 டால்டன் கூட்டுவதால், வரிசையாக எழும் முகடுகளின் உயரங்களிலிருந்து சராசரியைக் கணக்கிடலாம். எதிர்ப்பொருளின் சர்க்கரைச் சங்கிலிகள் படத்தைக் குழப்பும் என்பதால், மாதிரியின் ஒரு சிறு பகுதியை மட்டும் சர்க்கரை நீக்கும் நொதியால் முன்னதாகப் பதப்படுத்துவது உதவும். இரண்டாவதாக, மூலக்கூறுகளைப் பருமன்வாரியாகப் பிரிக்கும் அளவு விலக்கு நிறப்பகுப்பில் எதிர்ப்பொருளின் முதன்மை முகட்டுக்கு முன்னால் வேறு முகடு தெரிகிறதா என்று பாருங்கள். அது திரண்ட புரதம். மொத்தத்தில் ஐந்து விழுக்காட்டைத் தாண்டினால் நான் அந்தத் தொகுதியை அப்படியே ஒதுக்கிவிடுவேன்.

மூன்றாவது சோதனையே மற்ற இரண்டையும்விட முதன்மையானது. அவசரத்தில் பலர் விட்டுவிடுவதும் அதுதான். ஹெர்-2 மிகுந்த எஸ்.கே-பி.ஆர்-3 போன்ற உயிரணுக்களோடு இணைப்புப் பொருளையும், மாற்றப்படாத டிராஸ்டுசுமாபையும் தனித்தனியே பல செறிவுகளில் சேர்த்து, இரண்டின் பிடிப்பு வளைவுகளையும் ஒப்பிட வேண்டும். கூடவே, ஹெர்-2 மிகக் குறைவாக உள்ள எம்.டி.ஏ-எம்.பி-231 உயிரணுக்களையும் வைத்துப் பாருங்கள். அங்கேயும் பிடிப்பு தெரிந்தால், பிடிப்பது எதிர்ப்பொருளின் நுனி அல்ல, மாற்றத்தால் ஏற்பட்ட ஒட்டும் தன்மை. கதிரியக்கம் ஏற்றிய பிறகு, லிண்ட்மோவும் குழுவினரும் 1984இல் வகுத்த முறைப்படி, உயிரணுக்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போய், எல்லையற்ற எண்ணிக்கையில் பிடிப்பு எவ்வளவாக இருக்கும் என்று நீட்டிக் கணக்கிட்டால், இலக்கைப் பிடிக்கும் திறனுடைய பங்கு எவ்வளவு என்று தெரியும். கதிரியக்கம் ஏற்றாத எதிர்ப்பொருளை நிறையச் சேர்த்து இலக்கை முன்னரே அடைத்துவிட்ட ஒரு குழாயும் அதோடு இருந்தாக வேண்டும். அது இல்லாத பிடிப்பு அளவை நான் ஏற்பதில்லை.

சிர்கோனியத்தை ஏற்றுதல்

இந்தப் பகுதி, அனுமதி பெற்ற கதிரியக்க ஆய்வகத்தில், பயிற்சி பெற்றவர் கையில் மட்டுமே நடக்க வேண்டியது. இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இன்றி இதைத் தொடக்கூடாது. சிர்கோனியம்-89 பாசிட்ரானோடு 909 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டு ஆற்றலுள்ள காமா கதிரையும் வெளியிடுகிறது; ஃப்ளூரினுக்குப் போதுமான ஈயத் தடுப்பு இதற்குப் போதாது.

சிர்கோனியம், 1 மோலார் ஆக்சாலிக் அமிலத்தில் கரைந்த நிலையில் வந்துசேரும். 200 மைக்ரோலிட்டர் எடுத்து, 2 மோலார் சோடியம் கார்பனேட்டு 90 மைக்ரோலிட்டர் சேர்த்து மூன்று நிமிடம் காத்திருங்கள். பிறகு 0.5 மோலார் ஹெப்பஸ் தாங்கல் கரைசலையும் எதிர்ப்பொருளையும் சேர்த்து, பி.எச். 6.8க்கும் 7.2க்கும் இடையே இருப்பதை உறுதிசெய்து, அறை வெப்பநிலையில் ஒரு மணி நேரம் மெதுவாக அசையவிடுங்கள். கொதிக்கவைத்தால்தான் உலோகத்தை ஏற்கும் கொடுக்கிணைப்பான்களும் உண்டு. அவை எதிர்ப்பொருளுக்கு உதவா. அறை வெப்பநிலையிலேயே வேலை முடிவது டெஃபெராக்சமைனின் பெரிய நன்மை. 20 மில்லிமோலார் சிட்ரிக் அமிலத்தில் மெல்லடுக்குப் பட்டையை ஓட்டினால், எதிர்ப்பொருளில் அமர்ந்த சிர்கோனியம் தொடங்கிய இடத்திலேயே நிற்கும். அமராதது கரைப்பானோடு மேலேறிவிடும். பின் இன்னொரு பி.டி-10 பத்தியில் தூய்மைப்படுத்த வேண்டும்.

டெஃபெராக்சமைனின் குறையையும் மறைக்கக் கூடாது. சிர்கோனியம் அயனி எட்டு அணுக்களோடு இணைய விரும்புவது. டெஃபெராக்சமைன் தருவதோ ஆறு ஆக்சிஜன்கள்தான். மீதி இரண்டு இடங்களை நீர் நிரப்புகிறது. இதனால் நாள்கள் செல்லச் செல்லச் சிறிது சிர்கோனியம் கழன்று, எலும்பில் போய்ப் படிகிறது. ஐந்தாம் நாள் படத்தில் எலும்பு மூட்டுகள் ஒளிர்ந்தால், அதை எலும்புக்குப் பரவிய புற்று என்று அவசரப்பட்டு வாசிக்கக் கூடாது. எலிகளில் இது குறிப்பாகத் தெளிவாகத் தெரியும். எட்டு இடங்களையும் நிரப்பும் நீட்டிக்கப்பட்ட வடிவங்கள் இப்போது வந்திருக்கின்றன. புதிதாகத் தொடங்குபவர்கள் அவற்றையும் எண்ணிப்பார்ப்பது நல்லது.

சுமப்பது மருந்தானால்

புற்றணுவைக் கொல்லும் மருந்தை ஏற்றும்போதும் கணக்கு இதேதான், விடைதான் வேறு. படத்துக்கு ஒன்றிரண்டு போதும், மருந்துக்கோ கூடுதலாக வேண்டும். 2013இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிராஸ்டுசுமாப் எம்டான்சினில், லைசின்களின் வழியாகச் சராசரியாக 3.5 மருந்து மூலக்கூறுகள் ஏற்றப்பட்டுள்ளன. 2019இல் ஒப்புதல் பெற்ற டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகானில் ஏறத்தாழ எட்டு. இந்த எட்டு எங்கிருந்து வந்தது என்றால், எதிர்ப்பொருளின் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் நான்கு டைசல்பைடு பாலங்களை (இரு கந்தக அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகளை) ஒடுக்கித் திறந்தால், கந்தகம் கொண்ட அமினோ அமிலமான சிஸ்டீன்கள் எட்டு கிடைக்கும். எல்லாவற்றிலும் மருந்தை மாட்டிவிட்டால் கலவையும் ஒரே சீராக அமைகிறது.

சிஸ்டீனோடு இணைக்க மேலிமைடு என்ற வினைத்தொகுதி பயன்படுகிறது. இங்கே பி.எச். 6.5க்கும் 7.5க்கும் இடையே இருக்க வேண்டும்; அதற்கு மேல் போனால் மேலிமைடு லைசினோடும் வினைபுரியத் தொடங்கும், நீரால் சிதைவதும் கூடும். திறந்த சிஸ்டீன்கள் மீண்டும் பாலமாக மூடிக்கொள்வதை விரைவுபடுத்தும் உலோகங்களைக் கட்டிவைக்க ஈ.டி.டி.ஏ. சேர்ப்பதும், வினையின் முடிவில் மிகுதியான மேலிமைடைத் தனிச் சிஸ்டீன் கொண்டு அடக்குவதும் வழக்கம். இரத்தத்திலுள்ள ஆல்புமினிலும் திறந்த சிஸ்டீன் ஒன்று உண்டு. மேலிமைடு பிணைப்பு மெல்லத் தளர்ந்து, மருந்து அந்த ஆல்புமினுக்குத் தாவிவிடக்கூடும். இணைந்த பிறகு வளையத்தை நீரால் திறந்துவிட்டால் இந்தத் தாவல் நின்றுபோகும்.

நீரை வெறுக்கும் மருந்தை அதிகமாக ஏற்றினால் எதிர்ப்பொருள் இரத்தத்திலிருந்து விரைவில் நீங்குகிறது என்பது 2004ஆம் ஆண்டிலேயே எலிகளில் காட்டப்பட்டது. எட்டு மூலக்கூறுகள் ஏற்றியது, குழாயில் நான்கைவிட வலுவாக இருந்தும், உடலில் அதைவிடச் சிறப்பாகச் செயல்படவில்லை. ஆகவே எண்ணிக்கையை முடிவுசெய்வதற்கு முன், மருந்தும் இணைப்பும் எவ்வளவு நீர்நாட்டம் கொண்டவை என்று பார்க்க வேண்டும்.

படத்துக்கான இணைப்பும் மருந்துக்கான இணைப்பும் ஒரே எதிர்ப்பொருளின் மேல் இருக்கும்போது, ஒன்று மற்றொன்றுக்கு வழிகாட்டும். 2016இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், திசுச் சோதனையில் ஹெர்-2 உண்டு என்று அறியப்பட்ட நோயாளிகளுக்கு டிராஸ்டுசுமாப் எம்டான்சின் தருவதற்கு முன், மேலே சொன்ன சிர்கோனியம் இணைப்பால் படமெடுத்தார்கள். 56 பேரில் 29 விழுக்காட்டினரின் கட்டிகள் அதைப் போதிய அளவு ஏற்கவே இல்லை.

மருந்து இணைப்பில் கடைசியாகச் செய்ய வேண்டியது, ஒட்டாத மருந்து எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளப்பது. இம்மருந்துகள் தனியாக உடலில் செலுத்த இயலாத அளவுக்கு நச்சுத்தன்மை வாய்ந்தவை. ஆகவே எடைபோடுவது முதல் கழிவை அகற்றுவது வரை மூடிய பாதுகாப்பு அறையில்தான் கையாள வேண்டும். ஜெல் பத்தியில் ஒருமுறை ஓடவிட்டதை நம்பி நிற்காமல், புரதத்தை வீழ்படிவாக்கி, மேல்நீரை நிறப்பகுப்பில் செலுத்தி மருந்தின் முகடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மறுபடியும் தூய்மைப்படுத்தி, மறுபடியும் அளந்து, அந்த இரண்டு அளவுகளையும் நாளோடும் தொகுதி எண்ணோடும் குறிப்பேட்டில் எழுதிய பிறகே குப்பியை உறைபெட்டியில் வையுங்கள்.